1912 கார்லைல் அணி: தோர்ப் தனி ஆளாகவா ஜெயித்தார்?

கேள்வி | 5 அக்டோபர் 2024, சனி

ஜிம் தோர்ப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். 1912-இல் கார்லைல் என்ற பூர்வகுடிப் பள்ளிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியைத் தனி ஆளாகவே தோற்கடித்தாராம். 97 கஜம் ஓடி டச்டவுன் போட்டாராம். மற்ற பத்துப் பேரும் வேடிக்கை பார்த்தார்கள் போலிருக்கிறது. இது எவ்வளவு உண்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 அக்டோபர், இரவு

அந்த ஆட்டத்தில் தோர்ப் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

1912 நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்ட். கார்லைல் 27, ராணுவம் 6. பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், ஆறு புள்ளி. கார்லைல் போட்ட டச்டவுன் நான்கு. அதில் மூன்று அலெக்ஸ் ஆர்காசா போட்டது, ஒன்று ஜோ பெர்ஜி போட்டது. நாலாறு இருபத்து நாலு. மீதி மூன்று புள்ளியும் டச்டவுனுக்குப் பிறகு உதைத்து எடுப்பவை, உதைத்தவர் தோர்ப். வீடியோவில் வருகிற நீண்ட ஓட்டம் நடந்ததுதான். ஆனால் தன் அணிக்காரர் ஒருவர் செய்த தவறால் நடுவர் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவையே அதைவிட நீளமாக ஓடிக் கோட்டைத் தாண்டினார் என்பது பின்னால் வளர்ந்த கதை. புள்ளி விவரத்தில் அது கிடையாது.

நான் கார்லைலிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். என் பையன் பள்ளி அணியில் ஆடுகிறான். அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த அணிக்குள் விழுந்தேன். அதனால் இந்த இழையில் நிறைய எழுதுவேன்.

6 அக்டோபர்

காலையில் எழுந்ததும் தோன்றியது. 1912, 2024 இரண்டும் லீப் வருடம். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் தேதியும் கிழமையும் அப்படியே பொருந்துகின்றன. அன்றைக்கு நவம்பர் 9 சனிக்கிழமை, இந்த வருடமும் சனிக்கிழமை. நன்றி நவிலும் நாள் இரண்டு வருடமும் நவம்பர் 28. அப்படியானால் 112 வருடம் கழித்து அந்த சீசனை அதே நாளில், அதே கிழமையில் பின்தொடரலாம்.

நீங்கள் கேள்வி போட்டது அக்டோபர் 5. 1912 அக்டோபர் 5 அன்று கார்லைல், வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியோடு 0-0 என்று சமன் செய்தது. அதற்கு முந்தைய நான்கு ஆட்டம் இப்படி: ஆல்பிரைட் 50-7, லெபனான் வேலி 45-0, டிக்கின்சன் 34-0, வில்லனோவா 65-0. நாலு ஆட்டத்தில் 194 புள்ளி எடுத்த அணி ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தோர்ப் அன்று ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பிப் புள்ளி எடுப்பது) முயற்சிகளைக் கோட்டைவிட்டார். தனி ஆள் வாதத்துக்கு இதுவே முதல் அடி. அவருக்குக் கால் சரியாக விழாத நாளில் அணியும் நின்றுவிட்டதே என்று யாராவது திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

7 அக்டோபர்

விதிகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இந்த ஆட்டத்தைக் கால்பந்து என்று நினைத்துப் படித்தால் ஒன்றும் புரியாது. பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம், உதைப்பது எப்போதாவது. 1905-வாக்கில் இதில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கைகோத்துக் கூட்டமாக மோதி இடிப்பதுதான் ஆட்டமாக இருந்தது. அந்த வருடம் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குப் போனது. 1906-இல் பந்தை முன்னால் எறியலாம் என்று விதி வந்தது. 1912-இல் இன்னும் நான்கு மாற்றம்: டச்டவுனுக்கு 5 புள்ளி என்றிருந்தது 6 ஆனது, பத்து கஜம் முன்னேற மூன்று வாய்ப்பு என்றிருந்தது நான்கானது, 110 கஜ மைதானம் 100 ஆகி இரண்டு முனையிலும் பத்து கஜக் களம் சேர்ந்தது, எறிகிற தூரத்துக்கு இருந்த 20 கஜ வரம்பு போனது.

இத்தனையும் எடை குறைந்த, வேகமான அணிக்குச் சாதகம். கார்லைல் பையன்கள் பெரிய கல்லூரி ஆட்களைவிட எடை குறைவு. இடித்து ஜெயிக்கிற ஆட்டத்தில் அவர்களுக்கு வழியே இல்லை. ஏமாற்றி ஓடுகிற ஆட்டத்தில் அவர்களைப் பிடிக்க ஆள் இல்லை. 1903-இல் ஹார்வர்டுக்கு எதிராகப் பந்தைச் சட்டை முதுகுக்குள் ஒளித்துவைத்து ஓடிய கூட்டம் இது. அதற்காகவே சட்டையின் கீழ் விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள். சார்லி டில்லன் என்பவர் முதுகில் பந்தோடு மைதானம் முழுக்க ஓடினார். ஹார்வர்ட் ஆட்கள் பந்து எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இதை என் பையனிடம் சொன்ன அன்று அவன் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு எழுந்து, முதுகில் குஷனைச் செருகிக்கொண்டு கூடத்தில் ஓடினான்.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது ஹார்வர்ட், 12-11.

12 அக்டோபர்

இன்று சிராக்யூஸ், 33-0. 1911-இல் கார்லைல் தோற்ற ஒரே ஆட்டம் இவர்களிடம்தான், 12-11, ஒரே ஒரு புள்ளியில். அந்த ஒரு புள்ளியை ஒரு வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார்கள்.

13 அக்டோபர்

ஒருவர் கேட்டிருக்கிறார்: கார்லைல் கல்லூரியா, பள்ளியா? நான் மேலே ஒரு இடத்தில்கூட இதைத் தெளிவாக எழுதவில்லை, தவறுதான்.

கல்லூரி இல்லை. 1879-இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பில் தொடங்கிய உறைவிடப் பள்ளி. பூர்வகுடிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த தாய் தகப்பனிடமிருந்து ரயிலில் கொண்டுவந்து, வந்த உடனே முடியை வெட்டி, சீருடை போட்டு, பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசக் கூடாது என்று வைத்த பள்ளி. அரை நாள் படிப்பு, அரை நாள் வேலை: தையல், கொல்லுப்பட்டறை, தச்சு, துணி வெளுப்பு, பண்ணை. கோடையில் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ‘இந்தியனை (அதாவது பூர்வகுடியை) கொன்றுவிட்டு மனிதனைக் காப்பாற்று’ என்பது பிராட் 1892-இல் மேடையில் பேசியதன் சாரம். அவர் தன்னை நல்லது செய்கிறவராகத்தான் நினைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பள்ளிதான் ஹார்வர்டோடும் ராணுவத்தோடும் மோதியது. ஆட்டமும் சுலபமாக வந்துவிடவில்லை. டிக்கின்சனோடு ஆடியபோது ஒரு பையனுக்குக் கால் உடைந்தது என்று பிராட் வெளி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். பையன்கள் நாற்பது பேர் போல அவர் அறைக்குப் போய் நின்று பேசினார்கள். அவர் இரண்டு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார்: எதிரி குத்தினாலும் நீங்கள் திருப்பிக் குத்தக் கூடாது, சில வருடத்துக்குள் நாட்டின் பெரிய அணிகளை ஜெயித்துக் காட்ட வேண்டும்.

தாய்மொழி விஷயம் படித்தபோது எனக்கு என் பள்ளி ஞாபகம் வந்தது. வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் ஐம்பது காசு அபராதம். ஒரு மர அட்டை இருக்கும்; தமிழ் பேசியவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடுத்து பேசுகிறவனைப் பிடித்து அவன் கழுத்தில் மாட்ட வேண்டும். கார்லைல் பிள்ளைகள் பட்டது எனக்குப் புரிகிறது.

14 அக்டோபர்

நேற்றைய கடைசிப் பத்தியை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், ஆனால் அந்தக் கடைசி வரி சரியில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் அந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா தமிழில்தான் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளைகளில் பலர் ஐந்து வருடம் வீட்டைப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பியபோது அம்மா பேசுவது புரியாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் திரும்பவே இல்லை, அங்கேயே புதைத்தார்கள். ஐம்பது காசு அபராதத்தை அதன் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது.

ஆட்டத்தோடு சேர்த்துச் சொன்னால் இன்னொன்றும் இருக்கிறது. அணிக்காரர்களின் இனத்தையும் ஊரையும் பாருங்கள். ஆர்காசா கோல்வில், மேற்குக் கரைப் பக்கம். தோர்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ், ஓக்லஹோமா. குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துகிறவர், கஸ் வெல்ஷ் விஸ்கான்சின் ஒஜிப்வே. ஜோ கையன் மினசோட்டா ஒஜிப்வே. ஃபுல்பேக், அதாவது பின்னால் நின்று பந்தோடு ஓடுகிறவர், ஸ்டான்சில் பவல் வட கரோலினா செரோக்கி. களத்தில் அடுத்த நகர்வை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும்போது பொதுவாக இருந்த ஒரே மொழி, அவர்கள்மேல் திணிக்கப்பட்ட ஆங்கிலம்தான்.

19 அக்டோபர்

பிட்ஸ்பர்க், 45-8. பையனுக்கும் நேற்று ஆட்டம் இருந்தது, அதனால் இன்று இவ்வளவுதான்.

28 அக்டோபர், திங்கள்

முந்தாநாள் சனிக்கிழமை வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனோடு 34-20. இன்று திங்கட்கிழமை கனடாவின் டொராண்டோவில் 49-1.

மறுபடி படியுங்கள், நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. சனிக்கிழமை மாலை வரை உடம்பை முறித்துக்கொண்டு ஆடிவிட்டு, ரயிலேறி, இன்னொரு நாட்டில் இறங்கி ஆடினார்கள். டொராண்டோவில் பாதி ஆட்டம் கனடா விதிப்படி வேறு. அந்த ‘1’ எப்படி வந்தது என்று கேட்பீர்கள்: கனடா ஆட்டத்தில்தான் அப்படி ஒற்றைப் புள்ளி தனியாகக் கிடைக்கும்.

எதற்கு இவ்வளவு அலைச்சல்? பணம். பெரிய கல்லூரிகள் தங்கள் மைதானத்துக்குக் கார்லைலை அழைத்து டிக்கெட் விற்கும். வசூலில் ஒரு பங்கு கார்லைலுக்கு. பூர்வகுடியினர் ஆடுகிறார்கள் என்றால் கூட்டம் அம்மும். அதனால் பெரிய ஆட்டம் எல்லாமே அடுத்தவன் ஊரில், அடுத்தவன் கூச்சலுக்கு நடுவில். அந்தக் காசு தனி விளையாட்டு நிதிக்குப் போனது. அது யார் கையில் எப்படிச் செலவானது என்பது இந்தக் கதையின் பின்பாதி.

என் பையன் வெள்ளிக்கிழமை ஆடினால் ஞாயிறு வரை படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறான். பதினேழு வயது, நல்ல சாப்பாடு, இந்தக் காலத்துத் தலைக்கவசம், எல்லாம் இருந்தும்.

3 நவம்பர்

நேற்று லீஹை பல்கலைக்கழகத்தோடு 34-14. அதைச் சாக்காக வைத்து இன்று குடும்பத்தோடு லீஹை ஆற்றங்கரையில் இருக்கும் ஜிம் தோர்ப் ஊருக்குப் போனோம். ஆமாம், ஊரின் பெயரே ஜிம் தோர்ப். 1953-இல் அவர் இறந்த பிறகு, ஓக்லஹோமாவில் அடக்கம் செய்ய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே அவர் மனைவி உடலை எடுத்துவந்து, நலிந்துகொண்டிருந்த இரண்டு சிற்றூர்களோடு ஒப்பந்தம் போட்டார். 1954-இல் அவை ஒன்றாகி இவர் பெயரை வைத்துக்கொண்டன. பிள்ளைகள் அப்பாவைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக வழக்காடினார்கள். மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

சாலையோரம் சிவப்புக் கல் பெட்டி போல ஒரு கல்லறை. அடியில் ஓக்லஹோமா மண்ணும், அவர் ஒலிம்பிக்கில் ஜெயித்த ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணும் போட்டிருக்கிறார்கள். மலையெல்லாம் இலை பழுத்து நிற்கிறது, கூட்டம் கூட்டமாகப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள். கல்லறைப் பக்கம் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும். என் மனைவி நெடுநேரம் நின்றுவிட்டு, “உயிரோட இருக்கும்போதும் அடுத்தவங்க ஊர்லதான் ஆட வெச்சாங்க, செத்தும் அடுத்தவங்க ஊர்ல” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

9 நவம்பர், சனி

இன்றுதான் அந்த நாள்.

கார்லைலின் பயிற்சியாளர் கிளென் வார்னர், எல்லோருக்கும் ‘பாப்’ வார்னர். அவர் இந்த ஆட்டத்தில் இரட்டைச் சிறகு என்ற அடுக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பந்தோடு ஓடுகிறவர்கள் நடுவில் கும்பலாக நிற்பார்கள். அடி எந்தப் பக்கம் வரும் என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். வார்னர் அப்படி ஓடுகிற ஹாஃப்பேக் இருவரையும் முன்வரிசையின் இரு கோடிக்கும் அருகே நகர்த்தி நிறுத்தினார். பந்து கைக்கு வந்ததும் இந்தக் கோடி ஆள் வாங்கலாம், அந்தக் கோடி ஆள் வாங்கலாம், வாங்குவது போலப் போக்குக் காட்டிவிட்டு நடுவில் புகலாம், எறியவும் செய்யலாம். கபடியில் ஏறி வருகிறவன் வலக்கோடிக்குப் போக்குக் காட்டி இடக்கோடியைத் தொடுவான் இல்லையா, அதை மூன்று பேர் ஒரே நொடியில் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. தடுக்கிறவன் அரை நொடி யோசித்தாலே போதும், ஆர்காசா போய்விடுவார்.

எல்லோரும் தோர்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது முக்கியம். ஒலிம்பிக்கில் பென்டாத்லான் (ஐந்து போட்டி சேர்ந்தது), டெகாத்லான் (பத்து போட்டி சேர்ந்தது) இரண்டு தங்கமும் வாங்கி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ராணுவத்தின் கண் முழுவதும் அவர்மேல். ஆகவே தோர்ப் பந்தே இல்லாமல் ஒரு பக்கம் ஓடினாலும் இரண்டு மூன்று பேர் அவர் பின்னால் போவார்கள், மறுபக்கம் காலியாகும். ஆர்காசாவின் மூன்று டச்டவுனுக்குள் தோர்ப்பும் இருக்கிறார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அக்டோபர் 5 அன்று நான் எழுதிய தொனியில் ஒரு வேகம் இருந்தது. அவரைக் குறைத்துச் சொல்வது என் எண்ணம் இல்லை.

முதலில் டச்டவுன் போட்டது ராணுவம், 6-0. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு புள்ளி கிடையாது. கைகலப்பும் நடந்தது. கார்லைலின் பவல் குத்தியதற்காக வெளியேற்றப்பட்டார். பெர்ஜி வழக்கமாக முன்வரிசை நடுவில் நிற்கிறவர். பவல் இடத்துக்கு ஃபுல்பேக்காகப் போய் அந்த ஒரு டச்டவுனைப் போட்டார். ராணுவ அணித் தலைவர் லேலண்ட் டெவோர், ஆறடிக்கு மேல் பெரிய உருவம். எதிரே கையன். கையன் அவரை விடாமல் சமாளித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுமை போனது டெவோருக்கு, கையனை அடித்து அவரும் வெளியே போனார்.

வவுண்டட் நீ படுகொலை நடந்தது 1890 டிசம்பர். இந்த ஆட்டத்துக்கு 22 வருடம் முன்பு. அன்று பூர்வகுடியினரைச் சுட்டது அமெரிக்க ராணுவம். இன்று எதிரில் நின்றவர்கள் அதே ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். வார்னர் ஆட்டத்துக்கு முன் இதைச் சொல்லித்தான் உசுப்பேற்றினார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்தப் பையன்களுக்கு அதை ஒரு வெள்ளைக்காரர் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியிருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

10 நவம்பர்

ஐசன்ஹோவரைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், பின்னால் அதிபரான டுவைட் ஐசன்ஹோவர் அன்று ராணுவ அணியில் ஆடினார். தோர்ப்தான் அவர் முழங்காலை உடைத்தார் என்பது தவறு. அவர் ஆட்ட வாழ்க்கையை முடித்த முழங்கால் காயம் அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியோடு ஆடும்போது பட்டது.

16 நவம்பர்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 தோல்வி. சீசனின் ஒரே தோல்வி. எழுதப் பிடிக்கவில்லை.

17 நவம்பர்

சரி, எழுதிவிடுகிறேன். பென்சில்வேனியா அந்த வருடம் பெரிய அணி இல்லை. ராணுவத்தை ஜெயித்த களைப்போ, அடுக்கடுக்கான பயணமோ, கார்லைல் பந்தைக் கைநழுவ விட்டுக்கொண்டே இருந்தது. எதிரணி நீளமாக எறிந்த ஒரு பந்து ஆளைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்துத் தோர்ப் விட்டுவிட்டார். அது கைக்கு எட்டி டச்டவுன் ஆனது. தோல்விக்கு அவர்மேல்தான் பழி விழுந்தது. ஜெயித்தால் அவர் ஒருவர்தான், தோற்றாலும் அவர் ஒருவர்தான். ‘தனி ஆள்’ என்று சொல்வதில் இந்த அநியாயமும் சேர்ந்தே இருக்கிறது.

23 நவம்பர்

ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்எம்சிஏ கல்லூரி, 30-24. முப்பது புள்ளியும் தோர்ப்: நாலு டச்டவுன், மூன்று கூடுதல் உதை, ஒரு ஃபீல்ட் கோல். கேள்வி கேட்டவருக்கு: இந்த ஒரு நாளுக்கு உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். அக்டோபர் 6-இல் தள்ளிப்போட்ட கேள்விக்கும் இதுவே என் பதில். சில நாள் அவர் இல்லாவிட்டால் அணி இல்லை. சில நாள் அணி இல்லாவிட்டால் அவர் இல்லை. பதினான்கு ஆட்டத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

28 நவம்பர், வியாழன்

பிராவிடன்ஸில் பிரவுன் பல்கலைக்கழகத்தோடு கடைசி ஆட்டம், பனி கொட்டியது, 32-0. தோர்ப்பின் கடைசிக் கார்லைல் ஆட்டம். மொத்தக் கணக்கு: 14 ஆட்டம், 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். எடுத்தது 504, கொடுத்தது 114. நானே ஒரு காகிதத்தில் கூட்டிச் சரிபார்த்தேன்.

இங்கே பகலெல்லாம் மழைத் தூறல். வீட்டில் வான்கோழி கிடையாது, பிரியாணி செய்தோம்.

9 டிசம்பர்

இன்று அதிபர் பைடன் கார்லைல் பள்ளி இருந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்திருக்கிறார். இந்த இழையைத் தொடங்கியபோது இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை. அலுவலகத்தில் செய்தியைப் படித்துவிட்டு, காரில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி 1918-இல் மூடப்பட்டது. இடம் மறுபடி ராணுவத்திடமே போனது. இன்று அது ராணுவப் போர்க் கல்லூரி. வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் உள்ளே போக முடியும். இரண்டு வருடம் முன்பு கல்லறைத் தோட்டத்துக்குப் பையனைக் கூட்டிப்போனேன். வெள்ளைக் கற்கள் வரிசையாக, ராணுவ வீரர்களுக்கு வைப்பது போலவே. பெயர், இனம், செத்த தேதி. சிலவற்றில் பெயர் தெரியாதவர் என்று மட்டும். கல்லின்மேல் யாரோ மணிகள், சில்லறைக் காசு, ஒரு பொம்மைக் கார் வைத்திருந்தார்கள். பையன் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். 2017 முதல் ராணுவம் இந்தக் கல்லறைகளைத் தோண்டி, கேட்கிற குடும்பங்களுக்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவருகிறது.

26 ஜனவரி 2025, ஞாயிறு

ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. இன்று வர வேண்டிய நாள்.

1913 ஜனவரியில் வூஸ்டர் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது: தோர்ப் 1909, 1910 கோடையில் வட கரோலினாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார். கல்லூரிப் பையன்கள் பலர் அப்படி ஆடினார்கள், பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு. தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். ஜனவரி 26 தேதியிட்டு அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் அமெச்சூர் (காசு வாங்காமல் ஆடுகிறவர்கள்) சங்கத்துக்குப் போனது. நான் வெறும் இந்தியப் பள்ளிப் பையன், இதெல்லாம் எனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்ற தோரணையில். அந்தக் கடிதத்தின் நடை வார்னருடையது என்று சொல்கிறவர்கள் நிறைய. படித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. காசு வாங்கி ஆடியவர் என்று ஒலிம்பிக் பதக்கங்கள் போயின. வார்னர் வேலையில் நீடித்தார். பதக்கத்தின் நகல்கள் குடும்பத்துக்கு வந்தது 1983-இல். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஒத்துக்கொண்டது 2022 ஜூலையில்.

நான் இத்தனை நாள் சொல்ல நினைத்தது கஸ் வெல்ஷைப் பற்றி.

வெல்ஷ் தோர்ப்பின் அறைத்தோழர். 1912-இல் அடுத்து என்ன ஆடுவது என்று களத்தில் சொல்லி நடத்தியவர், 1913-இல் அணித் தலைவர். அந்த வருடமும் தோர்ப் இல்லாமலே 10 வெற்றி, 1 தோல்வி, 1 சமன். சீசன் முடிந்ததும் வெல்ஷ் ஒரு மனு எழுதி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். சாப்பாடு போதவில்லை, அடிக்கிறார்கள், விளையாட்டு நிதி எங்கே போகிறது என்று விசாரியுங்கள். 200-க்கும் மேற்பட்ட பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1914 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கு நேரில் வந்து விசாரித்தது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை ஊழியர்கள் அடித்தது வெளியே வந்தது. வார்னரின் வசவையும் காசு விவகாரத்தையும் ஆட்டக்காரர்களே எழுந்து நின்று சொன்னார்கள். பள்ளித் தலைவர் மோசஸ் ஃப்ரீட்மன் பதவி இழந்தார். 1914 சீசன் 5 வெற்றி, 9 தோல்வி, 1 சமன் என்று போனது. அது முடிந்ததும் வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

இருபத்தொன்று இருபத்திரண்டு வயதுப் பையன். தன்னை நாட்டுக்கே தெரியவைத்த பயிற்சியாளருக்கு எதிராக, தான் தங்கிச் சாப்பிடும் இடத்துக்கு எதிராக, அறை அறையாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ராணுவத்தை ஜெயித்ததைவிட இதற்குத்தான் நெஞ்சழுத்தம் அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம்.

27 ஜனவரி

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கையன் பிறகு ஜார்ஜியா டெக் கல்லூரிக்கு ஆடினார், தொழில்முறை ஆட்டத்துக்கும் போனார். 1966-இல் தொழில்முறை ஃபுட்பால் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். பள்ளியின் பழைய மாணவர் அட்டைகளை டிக்கின்சன் கல்லூரி ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. பெயர், இனம், வந்த நாள், போன நாள், உயரம், எடை என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆர்காசாவையும் பெர்ஜியையும் அதில் தேடிப் பாருங்கள்.

வெல்ஷ் சட்டம் படித்தார். படித்த இடம் அதே ஊரில் இருக்கும் டிக்கின்சன், 1912 செப்டம்பர் 28 அன்று அவர் அணி 34-0 என்று ஜெயித்த டிக்கின்சன். அப்புறம் முதல் உலகப் போருக்குப் போனார். திரும்பி வந்து 1919 முதல் 1922 வரை வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர்.